பேச நம்பர் இருக்கிறது, இடம்தான் இல்லை

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 18 வருஷமாக அப்பர் தைக்கிறேன். ஷூவின் மேல்பாகத்தைத்தான் அப்பர் என்போம். துணியில் தையல் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் அது முடியாது. ஊசி இறங்கிய ஓட்டை ஓட்டைதான், பீஸ் வீண்.

2025 செப்டம்பரில் ஒரே வாரத்தில் மூன்று தடவை என் பீஸ் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, கைதான் நடுங்கியது. ராத்திரி 2 மணிக்கு விழித்தால், விடிந்து கம்பெனி பஸ் வரும்வரை பொட்டுத் தூக்கம் கிடையாது.

காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை தவறாமல் குழுக் கடன் தவணை வந்து நிற்கும். ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதும் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றுபோனது. அந்த ஓவர்டைம் காசில்தான் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். எல்லா வீட்டிலும் உள்ள கஷ்டம்தானே, இதைப் போய் யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டேன். வீட்டில் சொன்னால் “அனுசரிச்சுப் போ” என்பார்கள். லைனில் சொன்னால் மறுநாள் பஸ் முழுக்கப் பரவிவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் 14416 என்ற நம்பரைப் பார்த்திருந்தேன். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் தொடங்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை வழிகாட்டுகிறது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர் வைத்தார்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. இதேபோல் பேசுவதற்குப் பணம் வாங்கும் ஆப்களும் இருக்கின்றன. மகள் ஒன்றைத் திறந்து காட்டினாள். ஒரு மணி நேரத்துக்கு அதில் கேட்ட தொகை என் இரண்டு நாள் கூலி.

நம்பர் கையில் இருந்தும் எங்கிருந்து பேசுவது? ஷிப்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆள். வீட்டில் இருப்பது ஒரே அறை, அதில் மாமியார் படுத்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலாற்றுப் பாலத்தோரம் நின்று நம்பரை அழுத்தினேன். தெரிந்த பெண் ஒருத்தி “என்னக்கா இங்க நிக்கற?” என்றாள். கட் பண்ணிவிட்டு வந்தேன்.

கடைசியில் உதவியது கம்பெனி நர்ஸ். ஒருநாள் தலைவலி மாத்திரைக்குப் போனபோது என் கையைப் பார்த்தார். லாக்கரிலிருந்து போனை எடுத்து வரச் சொன்னார். சிக் ரூமில் உட்கார வைத்து, வெளியே கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்.

14416-ஐ அழுத்தினேன். போனில் வந்த பெண் எனக்குப் புத்தி சொல்லவில்லை. “சொல்லுங்கம்மா” என்றார். முதல் ஐந்து நிமிஷம் அழுகைதான் வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. கை எப்போதிலிருந்து நடுங்குகிறது, காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டத்தில் வெறும் டீயோடு மத்தியானம் வரை மெஷினில் உட்காருகிறேன் என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ராத்திரி விழிப்பு வந்தால் மனதில் ஓடுவதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். எந்தக் கவலை எந்த நாளுக்கு உரியதோ அந்த நாளைப் பக்கத்திலேயே குறிக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமைத் தவணைக்காக வெள்ளிக்கிழமை ராத்திரி நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று எழுதிப் பார்த்தபோது தெரிந்தது. அதன்பிறகு மூன்று தடவை பேசிவிட்டேன். கடன் அப்படியேதான் இருக்கிறது, சம்பளமும் ஏறவில்லை. ஆனால் தூங்குகிறேன், கை நிற்கிறது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் யாராவது தனியாகப் பேசினால் “பாகாயம் கேஸ்” என்பார்கள். வேலூர் சிஎம்சியின் மனநல மையம் பாகாயத்தில் இருப்பதால் வந்த பேச்சு. 1957-இல் தொடங்கிய அந்த மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவார்கள். கூட ஒருவர் இருப்பதும் வைத்தியத்தில் சேர்த்தி என்று அப்போதே நினைத்த ஊர் நம்முடையது. அந்த ஊரின் பெயரையே வசவாக்கினோம் என்று நினைத்தால் மனது வலிக்கிறது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும், அதற்குப் போன் போதாது. ஆனால் என்னைப் போலத் தூக்கம் கெட்டு, கை நடுங்கி, வெளியே சொல்லாமல் தைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு போதும். முற்றவிடாமல் பிடித்துவிடலாம்.

அதனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை கம்பெனி முதலாளிகளிடம் ஒன்று கேட்கிறேன். 1948-இலேயே தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்கு மேல் வேலை செய்தால் முதலுதவிக்குத் தனி அறை வேண்டும் என்றது. 50 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகளுக்கு ஓர் அறை என்றது. விரலில் ஊசி ஏறினால் போக அந்த முதலுதவி அறை இருக்கிறது. மனசு தாங்காதபோதும் அங்கே போக விடுங்கள். புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். மாதத்தில் ஒருநாள், வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல், கேட்கிற பெண்ணுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். போனை லாக்கரிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். யார் போனார்கள் என்று ரிஜிஸ்டரில் எழுதக் கூடாது, சூப்பர்வைசர் ஏன் என்று கேட்கக் கூடாது.

மெஷின் நின்றால் டார்கெட் போகும் என்பீர்கள். நடுங்கிய கையால் அந்த ஒரு வாரத்தில் நான் வீணாக்கிய தோலின் விலையை எடுத்துப் பாருங்கள். அரை மணி நேரத்துக் கூலி அதைவிடக் குறைவு.