வெள்ளத்தை ஜனங்கள் அறிவார்கள். ஜனங்களைச் சர்க்கார் அறியுமா?

ஒவ்வொரு வெள்ளமும் வடிந்த பிறகு ஒரே பல்லவியைக் கேட்கிறோம்: "ஜனங்களுக்கு விழிப்புணர்ச்சி போதாது. தாழ்வான இடத்தில் குடியிருக்கிறார்கள். வெளியேறச் சொன்னால் கேட்பதில்லை." செத்தவன் மீதே குற்றப்பத்திரிகை வாசிக்கும் இந்த விசித்திர நீதியைக் கொஞ்சம் விசாரிப்போம்.

ஜனங்களுக்கு வெள்ளம் தெரியாதா? நம் ஆலங்குளம் வட்டாரம் கரிசல் பூமி. இங்கே மழைக்கு ஏங்கும் நாட்களே அதிகம். ஆனாலும் கண்மாய்க்கரை ஜனங்களைக் கேட்டுப் பாருங்கள். மறுகால் எந்தப் பக்கம் பாயும், கரை எந்த இடத்தில் பலவீனம், தண்ணீர் மீறினால் முதலில் எந்தத் தெருவில் நுழையும் என்று விரல் நீட்டிச் சொல்வார்கள். மேற்கு மலையில் விடாமல் பெய்தால் வைப்பாறு பெருகும் என்பது வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் சிறு பிள்ளைக்கும் தெரியும். ரேஷன் கார்டையும் பட்டாவையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி உத்தரத்தில் கட்டுவதும், தானியத்தைப் பரணில் ஏற்றுவதும், ஆடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுவதும் எந்த அதிகாரி சொல்லிக் கொடுத்த பாடம்?

தெரிந்தும் ஏன் தாழ்வில் இருக்கிறார்கள்? மேட்டு நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள், பதில் கிடைத்துவிடும். மனை வாங்க வழியற்றவனுக்கு ஓடைக்கரைப் புறம்போக்குதான் மிச்சம்.

இன்னொன்றையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதே சமயத்தில் தீபாவளி முடிந்து பயராபீசுகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கின்றன. திறந்தாலும், மழை நாளில் மருந்து காயாது, வேலை இல்லை, கூலியும் இல்லை. கூரைக்குத் தார்ப்பாயும் அடுப்புக்கு ஒரு வார அரிசியும் சேர்க்க வேண்டிய மாதத்தில்தான் தொழிலாளியின் மடி காலியாக இருக்கிறது. இதற்குப் பெயர் விழிப்புணர்ச்சிக் குறைவா, வறுமையா?

ஜனங்களின் அறிவுக்கும் எல்லை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. "அன்றைக்கு வந்த வெள்ளம் இந்தப் படிவரை ஏறியது" என்ற நினைவுதான் அவர்களுடைய அளவுகோல். தாமிரபரணிக் கரையில் 1992 நவம்பர் வெள்ளம் அப்படி ஓர் அளவுகோல். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி ஜில்லாவின் ஒரு வருஷச் சராசரி மழையைவிட இது அதிகம்! குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது; பயணிகள் நாட்கணக்கில் தவித்தார்கள். இத்தகைய மழைக்கு எந்தப் பாட்டனின் நினைவும் எட்டாது. சர்க்காரின் விஞ்ஞானம் உதவ வேண்டிய இடம் அதுதான்.

உதவியதா? சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டது, உண்மை. ஆனால் 21 சென்டிமீட்டர் பெய்தாலும் சிவப்பு, 95 பெய்தாலும் சிவப்பு! அதை வைத்துக்கொண்டு ஒரு தாய் பிள்ளைகளைப் பரணில் ஏற்றுவதா, ஊரைவிட்டே கிளம்புவதா? வெள்ளம் வடிவதற்குள் சண்டை மூண்டது. வானிலை நிலையம் சரியாகச் சொல்லவில்லை என்றது சென்னை. முன்கூட்டியே சொன்னோம் என்றது டெல்லி. இருவருக்கும் நடுவே தண்ணீரில் நின்றவர்கள் ஜனங்கள்.

2015 டிசம்பரில் சென்னையிலும் இதே கதைதான். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். அந்தக் கணக்கைக் கேட்டு, தண்ணீர் தன் வாசலுக்கு வருமா என்று அடையாற்றுக் கரைக் குடிசைவாசி எப்படி அறிவான்? அது மனிதர்கள் விளைவித்த பேரழிவு என்று மத்திய தணிக்கைத் துறையே பிற்பாடு எழுதியது. தண்டனை யாருக்கு? ஆற்றங்கரை ஏழைகளை அள்ளிக்கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் குடியேற்றினார்கள். அதுவும் தண்ணீர் தேங்கும் சதுப்புப் பிரதேசம்!

வேறு வழியே இல்லையா? சின்னஞ்சிறு கியூபாவைப் பாருங்கள். 1963ல் புளோரா சூறாவளி அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் தெருவுக்குத் தெரு ஏற்பாடு வந்தது. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவர், அவரைத் தூக்கிச் செல்வது யார் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்கிறது. சூறாவளிப் பருவம் தொடங்குமுன் வருஷந்தோறும் ஒத்திகை நடக்கிறது. ஜனங்கள் அறிந்ததும் விஞ்ஞானம் அறிந்ததும் அங்கே கைகோக்கின்றன.

நம் ஜில்லாவிலும் அது முடியும். பேரிடர்த் திட்டம் தயாரித்து ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்று 2005ம் வருஷச் சட்டமே சொல்கிறது. அந்தத் திட்டத்தைக் கலெக்டர் ஆபீஸ் பீரோவிலிருந்து கிராம சபைக்குக் கொண்டுவா என்கிறோம். எத்தனை கன அடி திறந்தால் எந்தத் தெருவரை தண்ணீர் ஏறும் என்று ஊர்தோறும் கல் நட்டுக் குறி போடு. மடை திறக்குமுன் தண்டோரா போடு. கோயில், மசூதி, சர்ச் ஒலிபெருக்கிகளில் சொல். மறுகால் ஓடைகளை அடைத்திருக்கும் பெரிய மனிதர்களின் கட்டிடங்களை முதலில் அகற்று; குடிசையில் கை வைக்குமுன் அதே ஊரில் மேட்டு மனைக்குப் பட்டா கொடு. வேலையற்ற மழை மாதங்களுக்குப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளருக்கு நிவாரணம் கொடு.

ஆகஸ்ட் 15 கிராம சபை மழைக்கு முன் வருகிறது; அக்டோபர் 2 சபை மழையின் வாசலில் வருகிறது. அந்தச் சபைகளில் எழுந்து நின்று இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் கண்மாயின் பலவீனமான இடத்தை நீங்களே சுட்டிக்காட்டித் தீர்மானத்தில் ஏற்றுங்கள். அடுத்த வெள்ளத்தின்போது "ஜனங்களுக்குத் தெரியவில்லை" என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்யுங்கள்!