முகத்தில் ஏன் இவ்வளவு கோபம்?



போன சாரல் சீசனில் ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் திருவேங்கடம் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி உங்களை அலுக்க வைத்திருக்கிறேன். குற்றாலத்துச் சாரலில் மலையடிவாரத்து ஊர்களுக்குத்தான் பங்கு. கரிசலில் கிடக்கும் எங்களுக்கு வந்து சேர்வது காற்று மட்டும்தான். மேற்கே கறுத்து நிற்கும் வானத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வோம். இன்னொன்றும் உண்டு. நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி, எங்கள் ஊர் வழியாகச் சங்கரன்கோவில், தென்காசி என்று அருவியைப் பார்க்கப் போகிறவர்களின் வண்டிகள்.

அப்படிப் போன ஒரு கார், டீக்கடைக்கு எதிரே உள்ள வேகத்தடையில் மாட்டிக்கொண்டது. ஆரஞ்சு நிறம். மொத்த உயரமே என் நெஞ்சுக்குக் கீழேதான். அடிவயிறு தட்டிவிடக் கூடாதே என்று ஓட்டி வந்த தம்பி காரைக் கோணலாகத் திருப்பினார். ஒரு சக்கரத்தை ஏற்றி, நிறுத்தி, அடுத்ததை ஏற்றி, பிரசவம் பார்ப்பதுபோல் அந்தத் தடையைக் கடந்தார். அதற்குள் கடையில் இருந்த அத்தனை பேரும் தம்ளரோடு ரோட்டுக்கு வந்துவிட்டோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கூடவே ஓடினார்கள். என்ன கம்பெனி கார் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள்.

பெஞ்சை விட்டு எழுந்திருக்காதவர் ஒருவர்தான். நாற்பது வருஷம் கார்களுக்கு டிங்கரிங் வேலை பார்த்து ஓய்ந்தவர்.

“அண்ணாச்சி, நீங்க பாக்கலையா?”

“பாத்தேன், பாத்தேன். வண்டி நல்லாத்தான் இருக்கு. மூஞ்சியத்தான் யாரையோ அடிக்கப் போற மாதிரி வச்சிருக்கு. என்ன கோவமோ அதுக்கு!”

சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் சென்னைக்குத் திரும்பி, இந்த இதழுக்காகக் கார் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அண்ணாச்சியின் பேச்சு குறுக்கே வந்தது. புதிய ஸ்போர்ட்ஸ் கார்களை நேருக்கு நேர் பாருங்கள். இடுக்கிய கண், நெரித்த புருவம், காது வரை கிழிந்த வாய். எந்த நாட்டுக் காரானாலும் எல்லாமே பங்காளிச் சண்டைக்குப் புறப்பட்ட முகமாகவே இருக்கின்றன. பழைய படங்களில் உள்ள கார்களோ உருண்டைக் கண்ணை விரித்து நம்மைப் பார்க்கின்றன.

அண்ணாச்சியின் அளவுகோல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. “பெரிய மனுசங்க வீட்டுக்குப் போனா, புருவத்தை உசத்தி ‘வாங்க’ம்பாங்கள்லா, அப்படி இருக்கும் அதோட மூஞ்சி” என்றார். ஹெட்லைட்டுக்கு மேலே தொப்பி விளிம்புபோல் நீண்டிருக்கும் அந்த வளைவைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை விளங்கும்.

ஹெரால்டை டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த சாதுவான குடும்பக் காராகத்தான் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அதன் வம்சம் வேறு. ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்து 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான், 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக உருவானது. அதே சேஸைக் கொஞ்சம் குறுக்கி, அதே மிக்கெலோட்டி வரைந்ததுதான் 1962-இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 18 ஆண்டுகள் ஓயாமல் விற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆக, நம் ஊர் டாக்டர் வீட்டுப் போர்டிகோவில் நின்றது ஒரு பந்தயக்காரியின் அக்கா.

ஹெரால்டின் முன்புறத்தில் பானெட்டும் மட்கார்டும் ஒரே கூடாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினைப் பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். பாடியைத் தகடு தகடாகப் போல்ட்டைக் கழற்றிப் பிரித்துவிடலாம். இங்கிலாந்துக் கம்பெனிக்கு முழு பாடியாக அடித்துக் கொடுத்துவந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போனதால் நேர்ந்த ஏற்பாடு அது. அந்தச் சங்கடம்தான் நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வரமாயிற்று.

வண்டலூர்க் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1968-இல் ஃபெராரி நிறுவனம் ‘டேட்டோனா’ என்று ஒரு காரைக் காட்டியது. லியோனார்டோ ஃபியொராவாந்தி வரைந்தது. நீண்ட மூக்கு, வெட்டிவிட்ட வால். அதைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர்களில் ரோவர் கம்பெனியின் டேவிட் பாஷும் ஒருவர். 1976-இல் அவர் கொண்டுவந்த ரோவர் எஸ்டி-1 குடும்பக் காரில் டேட்டோனாவின் சாயல் அப்படியே இருந்தது. அந்த ரோவர்தான் 1985-இல் வண்டலூரில் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று பிறந்தது. இங்கிலாந்தில் அதற்கு மூன்றரை லிட்டர் வி-8 என்ஜின். இங்கே பழைய வான்கார்டு கார் காலத்து என்ஜினைத் தட்டிக்கொட்டி 1,991 சிசியில் உட்கார வைத்தார்கள். நம் ரோட்டுக்காக உடம்பையும் தூக்கி நிறுத்தினார்கள். ஃபெராரி முகத்துக்கு மாட்டுவண்டி மூச்சு. 1988-இல் தயாரிப்பு நின்றது. இருந்தாலும் சொல்கிறேன், நிறுத்தி வைத்துப் பார்க்க அத்தனை அழகான கார் அன்றைக்குத் தமிழ்நாட்டில் உருவாகவில்லை. அழகு வேறு, ஓட்டம் வேறு என்று நான் முதலில் கற்றுக்கொண்டது அந்தக் காரிடம்தான்.

கார் அழகைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஜாகுவார் இ-டைப்புக்குத்தான் முதல் மரியாதை. 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வந்தது. அதை வடித்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர். தன்னைக் கார் அழகுக் கலைஞர் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. காற்று எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டே அந்த வளைவுகளை வரைந்தார். வேடிக்கை என்னவென்றால், காற்றின் தடையை அளக்கும் எண் அந்தக் காருக்கு ஏறத்தாழ 0.44. இன்றைய மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் என்ற மின்சாரக் காருக்கு அது 0.20தான். காற்றைப் போலவே தோன்றும் காரைக் காற்று தடுக்கிறது. வழித்துவிட்ட சோப்புக் கட்டிபோல் இருக்கும் காரை வழிவிட்டு அனுப்புகிறது. காற்றுக்குப் பிடிப்பது ஒன்று, கண்ணுக்குப் பிடிப்பது ஒன்று.

கார் முகத்துக்குள் சட்டமும் வந்துவிட்டது. நடந்து போகிறவர் மேல் கார் மோதினால் அவர் தலை விழுவது பானெட்டில். பானெட் தகட்டுக்கும் அடியிலுள்ள கெட்டியான என்ஜினுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தகடு அமுங்கிக் கொடுக்கும், உயிர் தப்பும். 2005-இலிருந்து ஐரோப்பாவில் இதற்கு விதி வந்தது; பிறகு நம் நாட்டிலும் வந்தது. பானெட் மேலேறியது. மேலேறிய முகத்தில் காலியிடம் அதிகம்; அதை நிரப்பப் பெரிய வாய் தேவைப்பட்டது. தூங்கி விழிப்பதுபோல் மேலே எழும் ஹெட்லைட்டுகள் 2004-க்குப் பிறகு புதுக் கார்களில் இல்லை. எல்இடி விளக்கு வந்ததும் வட்டக் கண்ணுக்கு அவசியமே இல்லாமல் போய், கோடாகக் கீறிவிட்டாலே போதும் என்றாயிற்று. கீறிய கண் கோபமாகத்தானே தெரியும்? வாசலில் நடந்து போகிற நம் வீட்டுப் பெரியவரைக் காப்பாற்றத்தான் அந்த முகம் அப்படி ஆனதென்றால், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் குறை சொல்வது வேறொன்றை. திருவேங்கடத்திலிருந்து கழுகுமலை எட்டிப்பிடிக்கும் தூரம். அங்கே 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோவில் இருக்கிறது. ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டி வந்திருக்கிறார்கள். கீழ்ப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. அந்த வேலையில் ஒட்டவைக்க வழி இல்லை, எடுக்கத்தான் முடியும். கார் உருவமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பிறக்கிறது. கம்ப்யூட்டரில் எவ்வளவு வரைந்தாலும், பெரிய கம்பெனிகள் இன்றும் முழு அளவில் களிமண் மாதிரி செய்து, சுரண்டிச் சுரண்டித்தான் கோட்டைக் கண்டுபிடிக்கின்றன. பழையவர்களிடம் எடுக்கத் தெரிந்த கை இருந்தது. இன்றைக்குச் சேர்க்கிற கை நீண்டுவிட்டது. மடிப்புக்கு மேல் மடிப்பு, அதன்மேல் ஒரு கறுப்புப் பட்டை. சில கார்களில் பக்கவாட்டில் உள்ள காற்றுத் துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். அரை அங்குலத்தில் பிளாஸ்டிக் முட்டும். காற்றே போகாத காற்றுத் துளை! நூற்றுக்கணக்கான குதிரைத்திறனைக் குளிர்விக்க உண்மையிலேயே துளை தேவைப்படும் காரில் அது இருக்கட்டும். போலித் துளை எதற்கு? வடையில் ஓட்டை போடுவது நடுவிலும் வேக வேண்டும் என்பதற்காக; வடை மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காக இட்லியில் யாரும் ஓட்டை போடுவதில்லை.

இதைப் படித்துவிட்டு “ஆசிரியருக்கு வயதாகிவிட்டது” என்று இளைய வாசகர்கள் எழுதுவார்கள். எழுதுங்கள், போடுகிறேன். உங்கள் கட்சிக்கு வலுவான இரண்டு சாட்சிகளை நானே தருகிறேன்.

ஒன்று, மார்செல்லோ காந்தினி. 1966-இல் லம்போர்கினி மியூராவை வரைந்தபோது அவருக்கு வயது 27. உடம்பெல்லாம் வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றி இமைமயிர். ஐந்தே வருஷத்தில் அதே கை அதே கம்பெனிக்குக் கூன்டாக்கை வரைந்தது. வளைவு என்ற பேச்சே இல்லை. கத்தியால் சீவிய ஆப்பு. மியூராவைக் கொண்டாடிய கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அதுதான் பிறகு உலகம் முழுக்கப் பையன்கள் அறைச் சுவரில் போஸ்டராகத் தொங்கியது. 2024-இல் காந்தினி இறந்தபோது இரண்டையும் சேர்த்தே புகழ்ந்தார்கள். நமக்கு ஒட்டாதது எல்லாம் அழகற்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. போதாததற்கு, பழைய காலம் எல்லாம் அழகு என்பதிலும் ஒரு சூது இருக்கிறது. அழகான கார்களைத் துணி போட்டு மூடி வைத்தோம்; அசிங்கமானவற்றை எடைக்குப் போட்டோம். 1972-இல் நம் வண்டலூர்க்காரர்களே ஹெரால்டின் முகத்தையும் வாலையும் மாற்றி ‘கஸல்’ என்று விட்டார்களே, அதை யாராவது ஏக்கத்தோடு பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இரண்டாவது சாட்சி போர்ஷே 911. 1963-இல் ஃபெர்டினாண்ட் அலெக்ஸாண்டர் போர்ஷே வரைந்த கூரைக்கோடு அறுபது வருஷம் கழித்தும் மாறவில்லை. உடம்பு பெருத்திருக்கிறது, எந்தப் பெரிய மனிதருக்கும் பெருக்கத்தானே செய்யும். ஆள் அதே ஆள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது போர்ஷே 911-இல்தான். அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் காரின் முதுகு தெரியும். எந்தக் கோட்டைத் தொடக்கூடாது என்று தெரிந்திருந்தால் புதிய காரும் அழகாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மஹிந்திரா பிஇ 6? 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான அந்த மின்சாரக் காரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அலுவலகத்துத் தம்பிகள் கேட்கிறார்கள். துணிச்சலான வேலை. பிடித்திருக்கிறதா என்று இருபது வருஷம் கழித்துக் கேளுங்கள்.

டீக்கடைக் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். ஆரஞ்சுக் கார் போனபின் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒருவன் கையில் சிவகாசியில் அச்சான நோட்டு. அட்டையில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். “இப்பப் போச்சுல்லா, அந்த வண்டியைப் பாக்காம வரைஞ்சு காட்டு பாப்போம்” என்றேன். கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்தான். முதலில் கோபக் கண்; அப்புறம் வாய்; அப்புறம் டயர். உடம்பு வரவில்லை. பக்கத்தில் இருந்தவன் “இப்படி இல்லடா” என்று பேனாவைப் பிடுங்கினான். அவனுக்கும் வரவில்லை.

அண்ணாச்சி ஒன்றும் பேசாமல், பெஞ்சில் சிந்திக் கிடந்த டீயில் விரலைத் தொட்டார். மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரே இழுப்பு. மேலே கூரைக்கு ஒரு வளைவு, கீழே இரண்டு வட்டம். ஹெரால்டு வந்து நின்றது. பக்கத்திலேயே முகத்தையும் வரைந்தார், உசத்திய புருவத்தோடு.

பையன் குனிந்து பார்த்தான். தானும் டீயில் விரலைத் தோய்த்து, அந்தப் புருவங்களின் மேல் சரிவாக இரண்டு கோடு இழுத்து, ஹெரால்டுக்குக் கோபம் வர வைத்தான்.

“இப்பத்தான் தாத்தா கார் மாதிரி இருக்கு.”

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெஞ்சைத் துடைத்தார். “இன்னொரு டீ போடுப்பா” என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்