அம்பிகாபதி உயிர்த்தெழுந்த அதிசயம்

ஆலங்குளத்தில் அண்மையில் நாம் பேசி முடித்தபின், யாருக்காவது சந்தேகம் இருந்தால் தாராளமாய்க் கேட்கலாம் என்று வழக்கம்போல் சொன்னோம். கடவுள் உண்டா, பேய் உண்டா, தாலி எதற்கு என்பன போன்ற கேள்விகளே வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு வாலிபத் தோழர் எழுந்து, "அண்ணாச்சி, அம்பிகாபதி படத்தின் முடிவை மாற்றிவிட்டார்களே, அது சரியா, தப்பா? பணம் போட்டவன் தன் படத்தை மாற்றினால் நமக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு உண்டாயிற்று. சுயமரியாதைக்காரனிடம் போய்ச் சினிமாவைப் பற்றிக் கேட்கிறானே என்பதுதான் அந்தச் சிரிப்பின் கருத்து. நாமும் நேரமின்மையால் அன்று சுருக்கமாகவே பதில் சொன்னோம். ஆனால் யோசித்துப் பார்க்கையில், அன்று கேட்கப்பட்ட கேள்விகளுக்குள் பகுத்தறிவுக்கு மிகவும் நெருக்கமான கேள்வி அதுவே என்று தோன்றுகிறபடியால், இங்கு சற்று விரிவாய் எழுதத் துணிந்தோம்.

முதலில் சங்கதி இன்னதென்று சொல்லிவிடுகிறோம். 2013-இல் ஆனந்த் எல். ராய் என்பவர் 'ராஞ்சணா' என்ற இந்திப் படத்தை எடுத்தார். தனுஷ் நடித்த அப்படம் 'அம்பிகாபதி' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. காசியில் வாழும் தமிழ்ப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை ஒருவன் முஸ்லிம் பெண் ஒருத்தியைக் காதலித்துக் கடைசியில் ஆஸ்பத்திரியில் செத்துப் போகிறான் என்பது கதை. 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி, படத்திற்கு உரிமை படைத்த ஈரோஸ் கம்பெனி தமிழ்ப் படத்தை மறுபடியும் திரைக்கு அனுப்பியது. இந்தத் தடவை செயற்கை அறிவு என்னும் யந்திரத்தைக் கொண்டு முடிவை மாற்றி, செத்தவன் கண் திறந்து பிழைத்துக் கொண்டதாகக் காட்டினார்கள். எடுத்தவர் தம்மைக் கேட்கவில்லை என்று ஆட்சேபித்தார். நடித்தவரும் ஆட்சேபித்தார். கம்பெனியோ, உரிமை எங்களுடையது, சட்டம் எங்கள் பக்கம் என்றது. தமிழ்நாட்டிலே அம்பிகாபதி என்றாலே காதலுக்காகச் செத்தவன் என்றுதான் பொருள். அந்தப் பெயரை வைத்துக் கொண்டே அவனைச் சாகாமல் செய்துவிட்ட சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

இது ஒரு சினிமாக்காரர் சண்டை, இதில் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர்களை நந்தன் கதையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். சுந்தரர் தம் பதிகத்தில் அவரது பெயரை மட்டும் சொன்னார். நம்பியாண்டார் நம்பி அவருக்கு ஒரே ஒரு பாட்டுக் கொடுத்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை விரித்து, புலைப்பாடியில் பிறந்த அவர் தில்லையில் தீக்குள் புகுந்து, பூணூல் அணிந்த மறை முனிவராய் வெளிவந்து, கோயிலுக்குள் போய் மறைந்தார் என்று முடித்தார். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார், சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பண்ணை வேதியரைக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரே இரவில் நாற்பது வேலி நிலமும் விளைந்த அற்புதத்தையும் சேர்த்தார். கோயிலுக்குள் போகக் கூடாதவன் ஒருவன் போக ஆசைப்பட்டான், நெருப்பைப் பார்த்தான், பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அந்த நெருப்பில் உண்மையில் நடந்தது என்ன என்று நாம் கேட்டால், "அவன் ஜோதியில் கலந்தான்" என்று பதில் வருகிறது. செத்தவன் ஆஸ்பத்திரியில் கண் திறந்தான் என்பதற்கும், எரிந்தவன் ஜோதியில் கலந்தான் என்பதற்கும் என்ன பேதம்? பார்க்கிறவனுக்குத் துக்கமும் கோபமும் வராமல் வீட்டுக்கு அனுப்புவதுதானே இரண்டின் வேலையும்? அன்றைக்கு யந்திரம் இல்லை, புராணம் இருந்தது, அவ்வளவே வித்தியாசம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுந்தரர் பதிகமும், நம்பியின் பாட்டும், சேக்கிழார் புராணமும், பாரதியார் கீர்த்தனையும் தனித்தனியே நம் கையில் இருக்கின்றன. அதனால்தான் எவர் எதைச் சேர்த்தார் என்று இன்று நாம் மேடையில் விரல் நீட்டிச் சொல்ல முடிகிறது. மகாபாரதத்தின் கதையும் அப்படியே. பூனாவில் உள்ள பண்டார்க்கர் ஆராய்ச்சி நிலையத்தார் 1919-இல் தொடங்கி 1966 வரை உழைத்து, காசுமீரம் முதல் மலையாளம் வரை பல தேசத்து ஏடுகள் 1,259-ஐ ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வியாசன் சொல்ல விநாயகன் எழுதினான் என்ற கதையும், துகிலுரிகையில் திரௌபதி கிருஷ்ணனைக் கூவி அழைத்த பிரார்த்தனையும் பின்னால் நுழைந்தவை என்று மூலத்திலிருந்து விலக்கிக் குறிப்புக்குத் தள்ளினார்கள். இதைச் சொன்னவர்கள் நாத்திகர்கள் அல்ல, சமஸ்கிருதப் பண்டிதர்களே. அவர்களால் இது எப்படி முடிந்தது? ஏடுகள் ஒருவன் பெட்டிக்குள் இல்லாமல் ஆயிரம் கைகளில் சிதறிக் கிடந்ததால் முடிந்தது. ஒருவன் செருகியதை மற்றவனுடைய ஏடு காட்டிக் கொடுத்தது.

இன்றைக்கு சினிமாவின் கதி என்ன? காசெட்டு, தட்டு இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பிரதி இருந்தது. இப்பொழுதோ படம் எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நாம் மாதச் சந்தா கட்டி அதை எட்டிப் பார்க்கிறோம். கம்பெனிக்காரன் ராத்திரி ஒரு காட்சியை நீக்கினால், விடிந்ததும் உலகத்தில் எல்லா வீடுகளிலும் அது நீங்கிவிடுகிறது. நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' என்ற படத்தின் கதியைப் பாருங்கள். சர்க்கார் தணிக்கையில் தேறி 2023 டிசம்பர் 1-இல் கொட்டகைகளுக்கு வந்த படம் அது. சீரங்கத்துப் பார்ப்பனப் பெண் ஒருத்தி மாமிசம் சமைத்துப் பெரிய சமையற்காரி ஆவதும், இராமன் இறைச்சி உண்டதாக வால்மீகியைச் சுட்டி ஒருவன் சொல்லுவதும் அதில் வரும். அம்மாதக் கடைசியில் அது நெட்பிளிக்சில் ஏறியது. மத வெறியர்கள் கூச்சல் போட்டார்கள். 2024 ஜனவரியில் படம் அங்கிருந்து இறக்கப்பட்டது. எந்தக் கோர்ட்டும் அது தப்பு என்று தீர்ப்புச் சொல்லி இறக்கவில்லை. வால்மீகியைப் புரட்டிப் பார்த்து இல்லை என்று எவரும் காட்டவுமில்லை. கூச்சல் போதுமானதாய் இருந்தது!

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் டெலிவிஷனில் 1978 முதல் 1982 வரை ஒரு ரேடியோ நிலையத்தைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் ஓடியது. 2007-இல் அதைத் தட்டாகப் போட்டபோது, பாட்டுகளுக்கு உரிமைப் பணம் கட்ட மனமின்றிப் பல பாட்டுகளை எடுத்துவிட்டு வேறு ஓசையை நிரப்பினார்கள். ரசிகர்கள் விடாது முறையிட்டு வந்தார்கள். 2014-இல் வேறொரு கம்பெனி பெரும்பாலான பாட்டுகளைத் திரும்பச் சேர்த்து வெளியிட்டது. 'சைன்ஃபெல்டு' என்ற இன்னொரு தொடரை 2021-இல் நெட்பிளிக்சு வெளியிட்டபோது, அகலத் திரைக்குப் பொருந்தவேண்டி மேலும் கீழும் நறுக்கினார்கள். ரோட்டுக் குழியைப் பற்றிய ஒரு கதையில் அந்தக் குழியே வெட்டுண்டு போயிற்று! படம் பளபளப்பாய் இருக்கிறது; சிரிக்க வேண்டிய விஷயம் மட்டும் இல்லை.

நம்மவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. மற்றவன் வெட்டினால் கூச்சல் போடும் நாம், நமக்குப் பிடிக்காததை வெட்டச் சொல்லலாமா? பழைய தமிழ்ப் படங்களில் பெண்ணை அடித்துத் திருத்துவதும், கறுப்பு நிறத்தைப் பழிப்பதும், சாதிப் பெயர் சொல்லி ஏசுவதும் ஏராளமாய் உண்டு. இவற்றை நீக்கிவிட்டால் நல்லதல்லவா என்று நம் தோழர்களிலேயே சிலர் சொல்லுகிறார்கள். இங்கிலாந்தில் 'ஃபால்டி டவர்ஸ்' என்ற 1975-ஆம் வருஷத்து நகைச்சுவைத் தொடரில் ஒரு பாத்திரம் நிறத்தைப் பழித்துப் பேசுகிறது என்று, 2020 ஜூன் மாதம் அந்தப் பகுதியையே ஒரு கம்பெனி எடுத்துவிட்டது. ஆட்சேபணை கிளம்பிய பின், எச்சரிக்கைக் குறிப்புடன் திரும்ப வைத்தார்கள். பின்னால் செய்ததே சரியான வழி என்பது நமது அபிப்பிராயம்.

"மனுதர்மத்தைக் கொளுத்தியவர்கள்தானே நீங்கள்" என்று யாரேனும் கேட்கலாம். ஆம். 1927 டிசம்பர் 25-இல் மகாடில் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் மனுவைக் கொளுத்தினார்கள். ஆனால் எப்படி? பட்டப்பகிரங்கமாய், ஊரறிய, காரணம் சொல்லிக் கொளுத்தினார்கள். மனுவில் உள்ள சுலோகங்களை இரகசியமாய் மாற்றி, அதில் சமத்துவம் இருப்பதாக அச்சடித்து விற்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் பார்ப்பனியத்திற்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறு இருந்திருக்காது. மனு அயோக்கியமானது என்பதற்கு மனுவைவிட நல்ல சாட்சி ஏது? அதுபோலவே, நம் பாட்டன்மார் எதைப் பார்த்துக் கைதட்டினார்கள் என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி. சாட்சியைக் கொன்றுவிட்டு எந்த வழக்கை நடத்த முடியும்?

நமக்கே ஓர் அனுபவம் உண்டு. பல வருஷங்களுக்கு முன் 'ரத்தக் கண்ணீர்' படத்தின் தட்டு ஒன்றை வாங்கிவந்து, பீடி சுற்றும் தோழர்களுடன் உட்கார்ந்து பார்த்தோம். எம்.ஆர். ராதா புராணத்தைக் கேலி செய்ய வாய் திறக்கும் ஓர் இடத்தில் படம் தாவி அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. பக்திமான் எவனாவது வெட்டினானோ, ஒரு தட்டில் அடங்கட்டும் என்று வெட்டினானோ, பிலிமே அறுந்திருந்ததோ, நாம் அறியோம். ஆனால் திருவாரூர் தங்கராசு எழுதிய அந்தக் கதையை நாடகமாகவே பார்த்திருந்த ஒரு கிழவர், பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, விடுபட்ட பேச்சை ராதாவின் குரலிலேயே ஒப்பித்துக் காட்டினார். அன்று அந்தக் கிழவர்தான் நமக்கு ஏட்டுப் பிரதி. அவர் இப்போது உயிருடன் இல்லை. இனி ஓர் இளைஞன் அந்தத் தட்டைப் பார்த்தால், அங்கே ஒரு பேச்சு இருந்தது என்பதே அவனுக்குத் தெரியாது. 1952-இல் 'பராசக்தி' வந்தபோது தடை செய் என்று கூப்பாடு போட்டவர்கள் தோற்றார்கள். ஊரறியக் கேட்டதனால் தோற்றார்கள். இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கூப்பாடு போட வேண்டிய அவசியமில்லை; ஒரு பொத்தானைத் தட்டினால் போதும்.

பழைய படத்தைத் துலக்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. 1964-ஆம் வருஷத்து 'கர்ணன்' படத்தைக் கீறல் போக்கி, ஒலியைச் சீர்செய்து 2012-இல் வெளியிட்டார்கள். ஜனங்கள் திரண்டு பார்த்தார்கள். தூசி தட்டுவது வேறு, துளசி நடுவது வேறு. கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று வந்தவன் முகத்தையே மாற்றி எழுதிவிட்டுப் போனால், அவனுக்குக் கூலி கொடுப்பார் உண்டா?

சட்டமோ பணக்காரன் கையில் இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி சினிமாவுக்கு ஆசிரியர் என்றால் முதல் போட்டவரே. எழுதினவரும் அல்ல, எடுத்தவரும் அல்ல. நெல்லை விதைத்தவன் ஒருவன், நிலச்சுவான்தார் ஒருவன் என்ற பழைய நியாயமே இங்கும். ஆகவே நாம் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, மாற்றின படத்தின் முகப்பிலேயே, யார், எந்த வருஷம், எதை மாற்றினார்கள் என்று தெளிவாய்ப் போட வேண்டும். இரண்டு, மாற்றினதை விற்கிறவன் முதலில் வந்ததையும் கூடவே கிடைக்கச் செய்ய வேண்டும். மூன்று, 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி அச்சாகும் புத்தகத்தைக் கன்னிமாரா முதலான நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டியிருப்பது போல, திரைக்கு வந்த முதல் பிரதியைப் பொதுக் காப்பகத்தில் ஒப்படைப்பது கட்டாயமாக வேண்டும். பூனாவில் 1964 முதல் சர்க்காரின் திரைப்படக் காப்பகம் இருக்கிறது. அது தயவை நம்பி இராமல் சட்டத்தை நம்பி இருக்கட்டும்.

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தோழர்களே! உங்கள் வீட்டுப் பரணில் பழைய காசெட்டும், தட்டும், வசனப் புத்தகமும் கிடக்குமானால், பழைய சாமான்காரனுக்கு எடை போட்டுவிடாதீர்கள். கிழவர்கள் இருந்தால் அவர்கள் பார்த்ததைக் கேட்டு எழுதி வையுங்கள். இடைச்செருகல் இன்னதென்று காட்ட நம் பாட்டன்மாருக்கு ஏடு இருந்தது. நம் பேரன்மாருக்கு நாம் எதை வைத்துவிட்டுப் போகிறோம் என்பதே ஆலங்குளத்துத் தோழருக்கு நாம் சொல்லும் பதிலாகும்.