இரும்பும் தராசும்: நம் பிள்ளைகளுக்கு நாமே மறுக்கும் கல்வி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் நம் இல்லங்களில் ஒரே கவலைதான்: பிள்ளைக்குக் கணக்குப் பிரிவு கிடைக்குமா, கிடைக்காதா? தொழிற்கல்விப் பிரிவு என்ற சொல்லோ தண்டனைபோல உச்சரிக்கப்படுகிறது. பொதட்டூர்பேட்டை போன்ற விசைத்தறி ஊர்களில், கையுழைப்பால் வயிறு வளர்த்த குடும்பங்களிலும் இதே மனநிலை ஊறிவிட்டது. கைத்தொழிலை இழிவாகக் கருதும் இப்பார்வை நம் மார்க்கத்தில் இல்லாதது என்பதை உரக்கச் சொல்ல வேண்டிய நேரம் இது.

நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் இரும்பை வளைத்துக் கவசம் செய்தார்கள். தம் கைகளால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்பது நம் நபி (ஸல்) அவர்களின் போதனை. இதை மிம்பரில் கேட்டுத் தலையசைக்கும் நாம், வீடு திரும்பியதும் மகனின் விண்ணப்பத்தில் தொழிற்கல்வியை அடித்துவிடுகிறோம்.

இதில் பெரும் முரண்பாடு ஒன்று உண்டு. மெக்கானிக் ஷெட்டுகளில் நம் பிள்ளைகள் குறைவா? படிப்பை இடையில் விட்டு, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, பத்தாண்டில் இன்ஜின் முழுவதையும் கழற்றிப் பூட்டக் கற்றவர்கள் எத்தனை பேர்! ஆனால் அவர்கள் கையில் ஒரு சான்றிதழ் இல்லை. அம்பத்தூர், எண்ணூர், கும்மிடிப்பூண்டி எனத் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரத்தில் வாழ்ந்துகொண்டு, ஆலையின் வாயிலில் ஒப்பந்தக் கூலியாக நிற்கிறோம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் வண்டிகளில் சென்சாரும் மின்னணுக் கட்டுப்பாடும் பெருகிவிட்டன. காதால் கேட்டுப் பழுதறியும் திறமை மட்டும் இனிப் போதாது.

தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்வியும் உடன் வந்தது. தானியங்கி ஊர்திப் பொறியியல் இன்றும் அதில் ஒரு பாடம். அதை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. "அதோடு படிப்பு முடிந்துவிடும்" என்பது அறியாமை. அரசும் குற்றமற்றதன்று. ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்பாமல், பல பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவையே மூடவிட்டது. ஆனால் கேட்க ஆளில்லாத கடை மூடப்படுவது இயல்புதானே? நாம் என்றேனும் கேட்டோமா?

அமெரிக்காவில் மேல்நிலை மாணவர்களுக்கான தொழிற்கல்வி மையங்கள் பலவற்றில் வாகனத் தொழில்நுட்பமும் குற்றவியல் நீதியும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்படுகின்றன. இந்த இரண்டாவது கல்வியில் நம் வறுமை இன்னும் கொடியது. நாட்டின் சிறைகளில் முஸ்லிம்களின் பங்கு மக்கள்தொகை விகிதத்தை விஞ்சுகிறது. காவல்துறையிலோ மிகக் குறைவு என 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கையே பதிவு செய்தது. ஓர் இளைஞன் கைதானால் ஊரே திரள்கிறது. ஆனால் கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவிட வேண்டும், 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவு கூறுவதை அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அறிவர்? 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருப்பதையாவது நம் பிள்ளைகளுக்குச் சொன்னோமா?

இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் பணிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. 2007 முதல் நமக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் இருக்கிறது. "காவல்துறையில் லஞ்சமும் பாவமும் மலிந்துள்ளன" என ஒதுங்குவோர் நபி யூசுஃப் (அலை) அவர்களை நினைக்கட்டும். அந்நிய மன்னரின் ஆட்சியில் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்று மக்களைப் பஞ்சத்திலிருந்து காத்தவர் அவர். நல்லவர்கள் விலகி நின்றால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. வேறொருவர் வந்து அமர்கிறார்.

அல்குர்ஆனின் 'இரும்பு' அத்தியாயத்தில் 25ஆம் வசனம் நீதியின் தராசையும் இரும்பையும் ஒருசேரப் பேசுகிறது. நாமோ இரண்டையும் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்திருக்கிறோம்.

எனவே ஜமாஅத்துகளுக்கு நம் கோரிக்கை இதுவே. தேர்வு முடிவு வந்த முதல் ஜும்ஆவிலேயே தொழிற்கல்வி, ஐடிஐ, காவலர் தேர்வு, சட்டப் படிப்பு பற்றி அறிவியுங்கள். மூடப்பட்ட பிரிவுகளைத் திறக்குமாறு பள்ளி மேலாண்மைக் குழு வழியாக வலியுறுத்துங்கள். பைத்துல்மால் நிதியில் ஒரு பங்கை ஏழை மாணவரின் கருவிப் பெட்டிக்கும், சட்டம் படிக்க விரும்பும் நம் பெண்பிள்ளைகளின் கட்டணத்திற்கும் ஒதுக்குங்கள். வலீமா விருந்தில் ஒரு வகை குறைந்தால் எவர் மானமும் போய்விடாது. கற்றிருக்க வேண்டிய பிள்ளை கூலியாகவோ கைதியாகவோ நிற்பதுதான் சமுதாயத்தின் மானக்கேடு.