மலையேறப் போகும் கால்களுக்கு...



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் எமது பிள்ளைகள் கூட்டமாக மலைநாட்டுக்குப் புறப்படுகிறார்கள். பாவா ஆதம் மலை, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் என்று ஆசை நீள்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் வீட்டில் முதலில் எழும் கேள்வி சப்பாத்தைப் பற்றியது. "மலையேறுவதற்கென்றே செய்த பூட்ஸ் இல்லாமல் போக முடியாது" என்கிறான் மகன். அதன் விலையைக் கேட்டு வாப்பா மௌனமாகிறார். இந்த மௌனத்தினாலேயே பயணத்தைக் கைவிடும் பிள்ளைகள் எத்தனை பேர்! அல்லது, கடன்பட்டு வாங்கி ஒரே நாள் அணிந்துவிட்டு அலுமாரிக்கு அடியில் போட்டுவிடுபவர்கள் எத்தனை பேர்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக, ஒரு நாள் நடைக்குச் செல்பவருக்கு விலையுயர்ந்த பூட்ஸ் கட்டாயமல்ல. 2,243 மீற்றர் உயரமான பாவா ஆதம் மலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறினால் பாதையின் பெரும் பகுதி படிகள்தான். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவுக்குப் போய்த் திரும்பும் சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர்; ஒழுங்கான நடைபாதை. இவற்றுக்கு நல்ல அடிப்பாகமுள்ள சாதாரண விளையாட்டுச் சப்பாத்தே போதும். பாரம் சுமந்து, பல நாட்கள், பாதையில்லாத காட்டில் நடப்பவருக்கே கணுக்காலைத் தாங்கும் கனத்த பூட்ஸ் தேவைப்படும்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் சப்பாத்தைத் திருப்பி அடியைப் பாருங்கள். டயரில் இருப்பதுபோல ஆழமான வெட்டுகள் இருக்க வேண்டும். தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட அடி, பாசி படர்ந்த கல்லில் நிச்சயம் வழுக்கும். பாட்டாச் செருப்பும், குதி உயர்ந்த செருப்பும், மினுங்கும் தோல் சப்பாத்தும் இதனாலேயே ஆகாதவை. அடுத்து, இரு கைகளாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் கடதாசிபோல் மடிந்தால் அது பாதத்தைத் தாங்காது.

அளவு பார்க்க மாலையில் செல்லுங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். பயணத்தன்று போடவிருக்கும் காலுறையுடனேயே அணிந்து பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். ஏறும்போது தெரியாத நெருக்கம் இறங்கும்போது தெரியும். உடற்பாரம் முழுவதும் முன்னால் தள்ளப்பட்டு விரல்கள் சப்பாத்தில் இடிக்கும். நகம் கறுத்து விழுவதும் இதனால்தான். நகங்களை முதல்நாளே வெட்டிக்கொள்வது நன்று.

பெற்றோரே, "அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும்" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுக்காதீர்கள். குதிகால் உள்ளே ஏறி இறங்கினால் உராய்வும் சூடும் வியர்வையும் சேர்ந்து கொப்புளம் போடும். கொப்புளம் போட்ட காலுடன் மலையின் நடுவில் நிற்கும் பிள்ளையை ஏற்றிவர அங்கே முச்சக்கர வண்டி கிடையாது.

புதுச் சப்பாத்தை மலையில் வைத்து முதன்முதலாக அணிய வேண்டாம். இரண்டு வாரமாவது கடைக்கும் வகுப்புக்கும் அதிலேயே நடந்து பழகட்டும். பழைய சப்பாத்தை எடுப்பவர்களும் அவ்வாறே செய்ய வேண்டும். நெடுநாள் மூடி வைத்த சப்பாத்தின் அடி, பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும் பசை விட்டுக் கழன்று விழுவதுண்டு. சந்தேகமிருந்தால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து அடியைச் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள், செலவு சொற்பம்.

"தண்ணீர் புகாத சப்பாத்து" என்ற விளம்பரத்துக்கு அதிகம் மயங்க வேண்டியதில்லை. எமது மலைநாட்டு மழை மேலிருந்து காலுறை வழியாக உள்ளே இறங்கும். இறங்கிய நீர் அதில் இலகுவில் வெளியேறாது. காற்றோட்டமுள்ள துணிச் சப்பாத்து நனைந்தாலும் விரைவில் காயும். இரவில் உள்ளே பழைய பத்திரிகைக் கடதாசியைத் திணித்து வையுங்கள். அடுப்பருகே வைத்தால் பசை இளகிவிடும்.

மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல காலுறை இரண்டு சோடி வாங்குங்கள். தனிப் பருத்தி ஈரத்தைப் பிடித்து வைக்கும். நைலோன் கலந்தது மேல். நாம் வுழூச் செய்து கால் கழுவுபவர்கள். விரலிடுக்கு ஈரமாக இருக்கும்போதே அவசரமாகக் காலுறையை இழுத்துப் போட்டால் கொப்புளத்துக்கு நாமே வழி திறக்கிறோம். சிறு துவாய் ஒன்றைப் பையில் வைத்து நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். கணுக்காலை மூடும் உறுதியான பூட்ஸை முழுமையான வுழூவுடன் அணிந்தவர், ஊரில் ஒரு பகலும் ஓர் இரவும், பயணியாயின் மூன்று பகலும் மூன்று இரவும் அதன்மீது மஸ்ஹு செய்யலாம். கணுக்காலுக்குக் கீழே நிற்கும் சப்பாத்துக்கு இச்சலுகை இல்லை. கழற்றிக் கழுவவே வேண்டும்.

அட்டையை மறந்துவிட வேண்டாம். 1344இல் இங்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதாவே இந்நாட்டு அட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதன்மீது பிழிவதற்கு மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்களாம். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் உறை ஒன்றை உம்மாவே வீட்டில் தைத்துக் கொடுக்கலாம். காலுறைக்கு மேல் அதை அணிந்து சப்பாத்தைப் போட்டால் அட்டை தோலைத் தொடாது.

இறுதியாக, பயணம் ஒழுங்கு செய்யும் ஆசிரியர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. என்ன சப்பாத்து போதும் என்பதை ஒரு மாதத்துக்கு முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வசதியில்லாத பிள்ளை "எனக்கு மலை பிடிக்காது" என்று பொய் சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். அதன் காலுக்குப் பொருந்தும் ஒரு சோடி உங்கள் வீட்டிலேயே சும்மா கிடக்கக்கூடும். கழுவிக் காயவைத்து, யாரும் அறியாமல் கொடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளையும் மற்றவர்களோடு உச்சியில் நின்று விடியலைப் பார்க்கட்டும்.