கோழி செத்தால் முதலில் வேலியைப் பாருங்கள்



வளவில் ஐந்தாறு ஊர்க்கோழிகள் மேய்வது வெளியாருக்குச் சின்ன விடயம். குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கு அது அப்படியல்ல. பிள்ளையின் கொப்பிக்கும் பஸ் காசுக்கும் யாரிடமும் கை நீட்டாமல் அவளுக்குக் கிடைப்பது முட்டைக் காசு. அதனால்தான் ஒரு பேட்டுக்கோழி செத்துக் கிடந்தால் அந்த வீட்டில் துக்கமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

கிராமங்களில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்யும்போது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "பக்கத்து வீட்டுக்காரிதான் நஞ்சு வைச்சவள்" என்பது. அவளுடைய கீரைப்பாத்தியைக் கோழி கிளறியிருக்கலாம். இரண்டு நாளுக்கு முன் வாய்த்தர்க்கமும் நடந்திருக்கலாம். ஆனால் பல வேளைகளில் நஞ்சு நமது வேலியிலேயே நிற்கிறது, அல்லது நாம் கோழிக்குக் கொட்டும் குசினிக் கழிவில் இருக்கிறது. நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிவரப் போகிறவளும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான். அவளோடு பகைக்குமுன் உங்கள் வளவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

2009இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களில் பலர் பற்றை மண்டிய வளவுகளைத்தான் கண்டார்கள். ஆமணக்கும் ஊமத்தையும் எருக்கலையும் ஆளில்லாத காணியில் தாமாகவே முளைப்பவை. வேலிக்கு நாட்டிய கதியால்களும் மரமாகிவிட்டன. வீட்டைத் துப்புரவாக்கிய நாம் வேலி ஓரத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

விரும்பியபடி மேயும் கோழி கசப்பானதைப் பெரும்பாலும் கொத்திப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். பசியோடு கூட்டில் அடைபட்ட கோழிக்கு அந்தத் தெரிவு இல்லை. நாம் வெட்டிப் போட்டதை அது தின்னும். அனுபவமில்லாத குஞ்சுகளும் அப்படியே. ஆகவே கீழ்வரும் செடிகளில் கவனமாக இருங்கள்.

அலரி: செவ்வலரி, மஞ்சள் அலரி இரண்டிலும் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. அது இதயத்தைத் தாக்கும். வெட்டிய கிளைகளைக் கோழி மேயும் இடத்தில் போடவேண்டாம். அடுப்பிலும் எரிக்கவேண்டாம்.

ஆமணக்கும் குன்றிமணியும்: இரண்டிலும் விதைதான் ஆபத்து. கோழிக்குப் பல் இல்லை. அது விழுங்கும் சிறு கற்களே வயிற்றுக்குள் தீனியை அரைக்கின்றன. விதையின் கெட்டியான தோல் அப்படி உடைந்தால் உள்ளிருக்கும் நஞ்சு வெளிவரும். காய் முற்றி வெடிக்குமுன் வெட்டி அகற்றுங்கள். இந்த விதைகள் சிறு பிள்ளைகளுக்கும் ஆபத்தானவை.

மரவள்ளி: இதை நஞ்சென்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் பச்சை இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைட்டு உண்டாகிறது. கிழங்கு அவிக்கும் அன்று பச்சைத் தோலை அப்படியே கோழிக்குக் கொட்டவேண்டாம். சிறிதாக வெட்டி நன்றாக வெயிலில் உலர்த்துங்கள். அல்லது திறந்த பானையில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, கொஞ்சமாகக் கொடுங்கள்.

உருளைக்கிழங்கு: பச்சை நிறமான தோலும் முளையும் நஞ்சு. தக்காளிச் செடியின் இலையும் தண்டும் கோழிக்கு ஆகாது. பழுத்த தக்காளி கொடுக்கலாம்.

இனி, நம்மில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "ஆடு தின்னுது, கோழி தின்றால் என்ன?" என்று கேட்கிறோம். அசைபோடும் ஆட்டின் வயிறு வேறு, கோழியின் வயிறு வேறு. கிளிசிரிடியா என்னும் சீமைக்கிளுவை ஆட்டுக்கு நல்ல குழை. ஆனால் கிளிசிரிடியா என்ற இலத்தீன் பெயரின் பொருளே எலியைக் கொல்வது என்பதுதான். மத்திய அமெரிக்காவில் அதை எலி நஞ்சாகப் பாவித்திருக்கிறார்கள். அதைக் கோழித் தீனியில் கலக்கவேண்டாம். இப்பில் இப்பில் இலையை அதிகம் தின்றால் கோழியின் வளர்ச்சியும் முட்டையும் குறையும். நாம் விரும்பிச் சமைக்கும் அகத்தி கூட, தீனியில் சேர்ந்தால் குஞ்சுகளின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும்.

அப்படியானால் என்ன இலை கொடுப்பது? முருங்கை இலை, முளைக்கீரை, பொன்னாங்காணி, பசளி, அறுகம்புல் போதும். கூட்டில் அடைக்கும் நாட்களில் தீனியும் தண்ணீரும் முன்கூட்டியே வையுங்கள்.

கோழி செத்துவிட்டால் நிதானமாகக் கவனியுங்கள். உங்கள் வீட்டில் மட்டும், ஒரே தீனிக்குப் பிறகு, ஒரே நாளில் விழுந்தால் தின்றதில்தான் சந்தேகப்படவேண்டும். மருந்து பூசிய விதைநெல்லோ எலிப்பாசாணமோ வளவில் இருந்ததா என்றும் பாருங்கள். ஊரில் பல வீடுகளில் கோழிகள் மூச்சுவாங்கி, பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுகிச் சாகின்றன என்றால் அது இராணிக்கட் நோயாக இருக்கலாம். அது தொற்றும் நோய். அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். குழுவாகச் சேர்ந்து ஒரே நாளில் எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் போடுவிப்பது நல்லது.

நஞ்சு தின்றதாகச் சந்தேகம் வந்தால் மிச்சக் கோழிகளை அந்த இடத்திலிருந்து அகற்றி, நிழலில் விட்டு, சுத்தமான தண்ணீர் வையுங்கள். கொத்தியிருக்கும் இலையையோ விதையையோ ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். சாகக் கிடக்கும் கோழியை, வீணாகிறதே என்று அறுத்துச் சமைக்கவேண்டாம். வறுமை அப்படி நினைக்க வைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகளின் உயிர் அதைவிடப் பெரிது. நாய் கிளறாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

இந்த மாதக் கூட்டத்துக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு இரண்டு வளவு வேலிகளையும் ஒன்றாகச் சுற்றி வாருங்கள். எல்லா மரத்தையும் வெட்டவேண்டியதில்லை. வேலி வேலியாகவே நிற்கட்டும். எது ஆட்டுக்கு, எது கோழிக்கு, எது ஒருவருக்கும் ஆகாது என்று இருவரும் அறிந்து வைத்திருந்தால் அடுத்த முறை ஒரு கோழி விழும்போது சண்டைக்குப் போகாமல் இருவருமாகக் காரணத்தைத் தேடுவீர்கள்.