கியூட்டெக்ஸ் காய எவ்வளவு நேரம்?

எங்கள் பகுதியில் நகப்பூச்சு என்று எவரும் சொல்வதில்லை. எந்த நிறுவனம் தயாரித்தாலும் அது கியூட்டெக்ஸ்தான். பற்றரிக்கும் சீமெந்துக்கும் உரத்துக்கும் தடை இருந்த தொண்ணூறுகளில் இதைப் பற்றி எழுதுவேன் என்று நான் நினைத்திருக்கவும் மாட்டேன். இன்று கிளிநொச்சிக் கடைகளில் கியூட்டெக்ஸை விரைவாக உலரவைக்கும் துளிகள், தெளிப்பான், மேற்பூச்சு என்பன வரிசையாக வைக்கப்பட்டுள்ளன.

வன்னியில் எழுதுவதற்கு வேறு விடயமே இல்லையா என்று சில நண்பர்கள் சினக்கக்கூடும். காணிகளைப் பற்றியும், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியும், நுண்கடன் பற்றியும் எழுதியிருக்கிறேன்; இனியும் எழுதுவேன். ஆனால் விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடும் பெண்ணுக்கு, விரல்களை விரித்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா இருக்க எங்கே ஓய்வு? பத்து ரூபாய் மிச்சம்பிடித்து அவள் வாங்கும் அந்தச் சிறு போத்தலைப் பார்த்து நகைப்பவர்கள், தமது தலைமயிருக்குச் சாயம் பூசும் நேரத்தைக் கணக்கிடுவதில்லை.

இரண்டு வாரங்களாக மாலை வேளைகளில் மூன்று வகைகளையும் வெவ்வேறு விரல்களில் பூசிப் பார்த்தேன். துளிகள் எண்ணெய்த் தன்மையுடையவை. பெரும்பாலும் சிலிக்கோன் சேர்ந்தவை. தொட்டால் ஒட்டாது, அவ்வளவே. அழுத்தினால் உள்ளே சேறுதான். தெளிப்பானும் ஏறத்தாழ அதே கதை. மேற்பூச்சு மட்டுமே பயன் தந்தது. அது கீழே உள்ள ஈரப் படையுடன் கலந்து ஒன்றாக இறுகுகிறது. பத்து நிமிடத்தில் புத்தகம் புரட்ட முடிந்தது. ஆனால் ஒரு மணித்தியாலம் கழித்துச் சட்டி தேய்த்தபோது கட்டைவிரலில் வடு விழுந்தது. மேற்பரப்பு காய்வது வேறு, முழுவதும் இறுகுவது வேறு. போத்தலில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கு முன்னையதற்கே பொருந்தும்.

இதன் மூலப்பொருள் நைத்திரோசெலுலோசு. நைத்திரசன் மிகுந்த வகை வெடிமருந்தாகும். குறைந்த வகை நகத்துக்கு வருகிறது. வெடிமருந்தின் மணம் அறிந்த எங்களுக்கு இந்த உறவுமுறை வியப்பளிக்காது. எதைல் அசற்றேற்று, பியூற்றைல் அசற்றேற்று போன்ற கரைப்பான்கள் ஆவியாகிப் போவதையே நாம் காய்தல் என்கிறோம். கனமாகப் பூசினால் மேலே தோல் படிந்து, உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வழியின்றிக் குமிழி கட்டும். மெல்லிய இரு படைகளாக, இடையில் சில நிமிடம் விட்டுப் பூசினால் பாதி வேலை செலவின்றியே முடிந்துவிடும். குளிர்நீரில் விரல்களை அமிழ்த்தும் வழக்கத்தால் ஆவியாதல் விரைவதில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் திண்ணையில் பூசினால் செம்மண் புழுதியும் சேர்ந்து காயும். மாரியில் ஈரக்காற்றுப் பட்டுப் பூச்சு வெளிறுவதும் உண்டு.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. அவசரத்தில் கைகளை அடுப்படியில் காட்டிக் காயவைக்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். எதைல் அசற்றேற்றின் ஆவி பூச்சியத்துக்குக் கீழ் 4 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது; காற்றைவிடக் கனமானதால் தரையோரமாகப் படர்ந்து செல்லும். விறகு அடுப்பும் குப்பி விளக்கும் உள்ள வீட்டில் இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தெளிப்பான் இன்னும் ஆபத்தானது.

நான் வாங்கிய மூன்றிலும் தீ பற்றிய எச்சரிக்கை இருந்தது. எறும்பளவு எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஊரில் விற்று இலாபம் பெறுபவர்களுக்கு, "நெருப்பின் அருகே வேண்டாம்" என்று ஒரு வரி தமிழில் அச்சிடுவது பெருஞ்செலவாகாது. அதுவரை கடைக்காரராவது வாயால் சொல்லிக் கொடுக்கலாம். பூசுவதானால் சமையல் முடிந்து, அடுப்பை அணைத்து, பாத்திரமும் கழுவிய பின்னர், யன்னலோரம் இருந்து பூசுங்கள். படுக்கைக்கு மட்டும் உடனே போகவேண்டாம். விரிப்பின் நெசவு காலையில் நகத்தில் பதிந்திருக்கும்.